மொட்டை போட்டது மறைவதற்கு அல்ல

திருப்பதி கோர்ட்டில் எங்கள் வக்கீல் மேடம் வாதாடிக்கொண்டிருந்தபோது என் போன் அதிர்ந்தது. வெளியே வந்து எடுத்தேன். நகரியில் தறி ஓட்டும் முருகேசன்.

"அண்ணா, தேவகிய போலீஸ் இட்டுக்கினு போயிட்டாங்க. மல எறங்கி அலிபிரி வந்ததுமே ஜீப்புல ஏத்திட்டாங்க. ஏதோ பேப்பர்ல கையெழுத்து கேக்கறாங்கண்ணா."

நான் சித்தூரில் இருபத்தெட்டு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து இப்போது ஓய்வு பெற்றவன்; இது நடந்தபோது வேலையில் இருந்தேன். படிப்பு பத்தாவது. தேவகி முருகேசனின் மனைவி, எங்கள் கட்சிக்காரர். வளைகுடா நாடு ஒன்றுக்கு வீட்டு வேலைக்குப் போனவள், அடி தாங்காமல் நம் தூதரகத்தில் தஞ்சம் புகுந்து ஊர் திரும்பினாள். நகையைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டாள் என்று அந்த வீட்டார் அங்கே கேஸ் கொடுத்தார்கள். அவள் பேரில் ரெட் நோட்டீஸ் வந்தது. ஒரு நாடு தேடுகிற ஆளைப் பற்றி மற்ற நாட்டுப் போலீசுக்குப் போகிற அறிவிப்பு அது.

மேடத்தின் காதில் சொன்னேன். "முடிச்சுட்டு வந்துடறேன். நீங்க முன்னாடி போங்க. எதுலயும் கையெழுத்து வேண்டாம்," என்றார்.

ஸ்டேஷனில் தேவகி மொட்டைத் தலையும் சந்தனமுமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு ஊர் வந்தால் முடி தருகிறேன் என்று அங்கிருந்தே வேண்டிக்கொண்டவள். இன்ஸ்பெக்டர் நோட்டீஸில் இருந்த படத்தைக் காட்டினார். அதில் நீளச் சடை.

"சூடய்யா, இங்க பாருய்யா குமாஸ்தா, மொட்ட போட்டுக்கினு அடையாளத்த மறைக்கிறா. வீட்டுக்குப் போனா ஆளு இல்ல. ஓடறவ பண்ற வேலதானே இது?"

என்னைத் திட்டினால் பொறுத்துக்கொள்வேன். பெருமாளுக்குக் கொடுத்ததைக் கள்ள வேலை என்றால் எப்படிப் பொறுப்பது?

"சார், கொஞ்சம் ரோட்டப் பாருங்க. போறவங்க வரவங்க எல்லாம் மொட்ட. எத்தினி பேர புடிப்பீங்க?"

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் மெதுவாகத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவரும் புது மொட்டை.

இன்ஸ்பெக்டர் தேவகியிடம் திரும்பினார். "இதுல ஒண்ணும் இல்லம்மா. கையெழுத்து போட்டுட்டு வீட்டுக்குப் போய்க்கினே இரு."

"போட்டுடட்டுமாண்ணா? வூட்டுல கொயந்த அழுவும்," என்றாள் தேவகி.

'கையெழுத்து போட்டுட்டு வா, விட்டுடுவாங்க' என்று நானே எத்தனையோ கட்சிக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"சார், இந்தப் பொண்ணுக்கு தெலுங்கு பேச வரும், படிக்க வராது. நான் தமிழ்ல சொல்றேன்," என்று பேப்பரை வாங்கினேன். 'அந்த நாட்டுக்குத் திரும்பிப் போய் வழக்கைச் சந்திக்க எனக்குச் சம்மதம்' என்று தெலுங்கில் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னேன்.

தேவகி எழுந்து நின்றுவிட்டாள். "இதுதான் ஒண்ணுமில்லயா சார்?"

அதற்குள் மேடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"நோட்டீஸ் தீர்ப்பு இல்ல சார். இவள அனுப்பச் சொல்லி அந்த நாடு நம்ம கவர்மெண்ட்ட கேட்டுதா? கேட்டாலும் மாஜிஸ்திரேட் விசாரிக்கணும், இவ பக்கத்தக் கேக்கணும். அரெஸ்ட்னா காரணத்த எழுத்துல குடுங்க. இருபத்துநாலு மணி நேரத்துல கோர்ட்டுல நிறுத்துங்க, அங்க பேசிக்கறேன்."

இன்ஸ்பெக்டரிடம் இருந்தது நோட்டீஸின் நகல் மட்டும்தான். "கூப்டா வரணும்," என்றார்.

"வருவா. என்னோட வருவா."

"பைலுக்கு ஏதாவது எழுதிக் குடுத்துட்டாவது போங்க மேடம்."

தேவகி மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை வாங்கினாள். 'போக எனக்குச் சம்மதம் இல்லை' என்று தமிழில் பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "இதுக்கு ஒரு காப்பி குடுங்க சார்," என்றாள். கொடுத்தார்கள்.

தூதரகக் கடிதங்களை இணைத்து, நோட்டீஸை வெளியிட்ட சர்வதேசப் போலீஸ் அமைப்புக்கு மேடம் எழுதினார். ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தாலும் நோட்டீஸ் நீக்கப்பட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பேப்பரை நீட்டுகிறவருக்குத்தான் அவசரம். நமக்கு இல்லை.