குழந்தைகள் பிரிவுக்கு இனி வர வேண்டாம்

எனக்கு ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. அன்றிலிருந்து ஊசிதான். மாதம் ஒரு தடவை எங்கள் கடலோர ஊரான கட்டுமாவடியிலிருந்து பஸ் ஏறி, அம்மாவும் நானும் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போவோம். குழந்தைகள் பிரிவில் எல்லாம் அம்மாதான் பேசுவாள். எவ்வளவு மருந்து போடுகிறோம், என்ன சாப்பிடுகிறேன், எப்போது மயக்கம் வந்தது என்று டாக்டர் அவளிடம்தான் கேட்பார். நான் சுவரில் வரைந்திருந்த முயலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பதினெட்டு முடிந்ததும் அங்கிருந்த நர்ஸ் அக்கா, அடுத்த மாதத்திலிருந்து பெரியவர்களுக்கான சர்க்கரைப் பிரிவுக்குப் போகச் சொன்னார். அம்மா அழுதாள். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அங்கே வரிசை வாசலைத் தாண்டி நின்றது. எல்லோருக்கும் அப்பா வயது, இல்லை அதற்கும் மேல். யாருக்கோ துணைக்கு வந்தவள் என்று நினைத்து ஒருவர் என்னை ஓரமாக நிற்கச் சொன்னார். அம்மாவுக்கு அந்த இடமே பிடிக்கவில்லை. நர்ஸ் அக்காவைக் கூட்டிவருகிறேன் என்று போய்விட்டாள்.

காலையில் ஊசி போட்டுவிட்டு இரண்டு இட்லி தின்றதுதான். நேரம் ஆக ஆகக் கை நடுங்கியது. வேர்வையில் சுடிதார் முதுகோடு ஒட்டியது. பயம்கூட வரவில்லை. வேறு யாருக்கோ நடப்பதைப்போலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்தார். "ஒனக்கா சுகரு?" என்றார். தலையாட்டினேன். சட்டைப் பையிலிருந்து மிட்டாயை எடுத்து, தாளைப் பிரித்துக் கொடுத்தார். "சுகரு எறங்கிருச்சு போல. மொதல்ல இதை மெல்லு. இங்கிட்டு ஒக்காரு." பின்னால் நின்ற ஒரு பெண்மணி இன்னும் சில மிட்டாய்களைக் கையில் திணித்தார்.

நடுக்கம் அடங்கிய பிறகு என் முறை வந்தது. கூட யார் வந்திருக்கிறார்கள் என்று டாக்டர் கேட்டார்.

"நானே சொல்றேன் சார்."

சொன்னேன். பாதிக் கேள்விகளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். அடுத்த தடவை நடுங்கினால் வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே வரச் சொன்னார்.

வெளியே வந்தபோது அம்மாவும் நர்ஸ் அக்காவும் வேகமாக வந்துகொண்டிருந்தார்கள். பார்த்தாயிற்று என்றேன். நர்ஸ் அக்கா என் தோளைத் தட்டிவிட்டு வார்டுக்குத் திரும்பினார்.

பஸ் அறந்தாங்கியைத் தாண்டியதும் அம்மா என் பக்கம் திரும்பினாள். "அப்ப இனிமே நான் வர வேணாமா?" என்றாள்.

"டாக்டர் ரூமுக்குள்ள மட்டும் வேணாம்மா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம்.

இப்போதும் சேர்ந்துதான் போகிறோம். எனக்கு அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. நான் உள்ளே போனதும் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர்களிடம் மீன் விலை பேசிக்கொண்டிருக்கிறாள்.