தேரைத் திருப்பிய கை

இராயபுரத்து ஹென்றி முப்பத்தோராண்டுகள் துறைமுகத்தில் சிக்னல்மேனாக வேலை பார்த்தவர். கப்பலின் அடித்தளத்தில் நிற்கும் ஆட்கள், சுமை தூக்கி இறக்கும் விஞ்ச் பொறியை ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். மேல்தளத்து விளிம்பில் நிற்கும் சிக்னல்மேனின் கையை மட்டுமே பார்த்து அவர் சுமையை இறக்க வேண்டும். கை பிசகினால் கீழே ஓர் உயிர் போகும். ஹென்றியின் கை ஒருமுறையும் பிசகியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் மாதா கோவில் திருவிழாவில் தேருக்கு முன்னே நடக்கும் பொறுப்பையும் அவருக்கே கொடுத்திருந்தார்கள். குறுகிய தெருமுனைகளில், தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளுக்கிடையே, வடம் இழுப்பவர்கள் அவர் கையைப் பார்த்தே தேரைத் திருப்பினார்கள்.

ஓய்வுபெற்ற மூன்றாம் ஆண்டில் அவருடைய வலக்கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் நோய் என்று சொல்லி மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். மனைவி பிலோமி மூன்று வேளையும் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்தார். நடுக்கம் மெல்லத் தணிந்தது. திருவிழாவுக்குள் கை முழுதும் சரியாகிவிடும் என்று இருவரும் மகிழ்ந்திருந்தபோதுதான் ஹென்றி மூன்று நம்பர் லாட்டரி ஆடத் தொடங்கினார்.

கப்பல் வராத நாள்களில் ஷெட்டு நிழலில் சீட்டாடியவர்களோடு ஒருநாளும் உட்காராதவர் அவர். இப்போதோ விடிந்ததும் எண்ணூர் விரைவுச் சாலையின் ஓரத்தில் போய் நின்றார். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர்களில் கன்டெய்னர் எண்களைப் படிப்பார். கடைசி மூன்று இலக்கங்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, டீக்கடைக்குப் பின்னால் நிற்பவனிடம் பணம் கட்டுவார். பென்ஷன் போயிற்று, பிலோமியின் கம்மலும் போயிற்று. ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியவில்லை. உள்ளே ஏதோ பிடித்துத் தள்ளுகிறது என்று மட்டும் சொன்னார். அதை யாரும் நம்பவில்லை.

திருவிழாக் குழுவின் தலைவர் சவரிநாதன், அவரோடு வேலை பார்த்த விஞ்ச் ஓட்டுநர். ஒருநாள் மாலை ஹென்றியைத் தேர்க்கொட்டகைக்கு அழைத்துப் போனார்.

"மாமு, அத்தினி வருசம் உன் கையப் பாத்துதான் சுமை எறக்கினேன். இந்த வடத்தத் தொட்டு சொல்லு, இனிமே ஆட மாட்டேன்னு."

ஹென்றி வடத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார். நான்காம் நாள் அவரை டிரெய்லர் வரிசையருகே பார்த்தவர்கள் சவரிநாதனிடம் வந்து சொன்னார்கள். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தேருக்கு முன்னே வேறொருவர் நடந்தார். இரண்டாம் ஆண்டில் தேர் தெருமுனைச் சுவரில் உரசி நின்றது. ஹென்றி தம் வீட்டு வாசலிலிருந்து அதைப் பார்த்தார். அன்று அவருடைய கையில் சிறு அசைவுகூட இல்லை.

ஒவ்வொரு பரிசோதனையிலும் மருத்துவர் பல கேள்விகளோடு இதையும் பிலோமியிடம் கேட்டிருந்தார்: புதிதாகச் சூதாட்டம், அளவுமீறிய செலவு என்று ஏதாவது உண்டா?

"அதெல்லாம் எங்க வூட்ல கெடையாது டாக்டரம்மா."

வீட்டு மானத்தை ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏற்றுவதா என்பது பிலோமியின் எண்ணம். முதல் ஆண்டிலேயே, எஞ்சியிருந்த நடுக்கத்துக்காக மாத்திரையின் அளவு கூட்டப்பட்டிருந்தது. கூட்டிய அளவையும் அவர் நேரம் தவறாமல் கொடுத்தார்.

இரண்டாம் திருவிழா முடிந்த மாதத்தில், மருத்துவமனை வரிசையில் பிலோமிக்குப் பக்கத்தில் எண்ணூரிலிருந்து வந்த மங்கை என்பவர் உட்கார்ந்திருந்தார். தம் கணவர் அதே மாத்திரையைச் சாப்பிட்ட நாளில் தொடங்கித் தினமும் புடவையாக வாங்கிக் குவித்தார் என்றும், டாக்டரிடம் சொன்னதும் மாத்திரையை மாற்றினார்கள், ஆசை நின்றுவிட்டது என்றும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நானு வெக்கத்த வுட்டு சொல்லிட்டேன்க்கா. இல்லாங்காட்டி இந்நேரம் ஜவுளிக்கடையே வெச்சிருப்போம்."

பிலோமிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று உள்ளே போனதும் எல்லாவற்றையும் சொன்னார். மருத்துவர், இந்த மருந்து சிலருக்கு இப்படிச் செய்யும் என்றும், அதற்காகவே அந்தக் கேள்வியைக் கேட்டு வந்ததாகவும் விளக்கினார். அந்த மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தி, வேறொன்றைக் கொடுத்தார்கள். இரண்டு மாதங்களில் ஹென்றி சாலைப் பக்கம் போவதை விட்டார். ஆனால் கை மறுபடியும் நடுங்கிற்று, முன்பைவிட அதிகமாக.

பிலோமி சொல்லி விவரம் அறிந்த சவரிநாதன் வீட்டுக்கு வந்தார். தப்பு தங்களுடையது என்றும், இந்த ஆண்டு தேருக்கு முன்னே ஹென்றிதான் நடக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். ஹென்றி வலக்கையை உயர்த்திக் காட்டினார்.

"இத்தப் பாத்துகினு இழுத்தா தேரு கம்பில போயி நிக்கும், மாமு."

"மாத்திரதான் அப்டி பண்ண வெச்சிதுன்னு கோவில்ல எல்லாருக்கும் சொல்றேன்."

"சொல்லு. ஆனா வடத்தத் தொட்டு சத்தியம் பண்ணவன் நான்தான்."

திருவிழா மாலையில் தேர் அந்தத் தெருமுனைக்கு வந்தபோது சவரிநாதன் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஹென்றியின் வாசலைத் திரும்பிப் பார்த்தார். வடம் பிடித்திருந்தவர்களும் பார்த்தார்கள். ஹென்றி வலக்கையை இடக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையை மட்டும் அசைத்தார். அவர் கை காட்டாமலே தேர் ஒருவழியாகத் திரும்பிப் போயிற்று.

பக்கத்தில் நின்ற பிலோமி தேரைப் பார்க்கவில்லை. மருத்துவரின் அந்தக் கேள்விக்கு ஆறு முறை இல்லை என்று சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு மணியைப் பார்த்து, இரவு மாத்திரையை எடுக்க உள்ளே போனார்.