பிரேக் டான்ஸ் கேசட்டைக் கேட்டு வந்த மேனேஜர்

தோல் பதனிடுகிற தோல் ஷாப்பின் மேனேஜர் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்து பிரேக் டான்ஸ் கேசட் வேண்டும் என்று கேட்டபோதே எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் டான்ஸ் பார்க்கிற ஆள் இல்லை. சொந்த மகளின் கல்யாண வீடியோவில்கூடப் பாட்டு வருகிற இடங்களை ஓட்டிவிட்டு, யார் யார் வந்தார்கள் என்று மட்டும் பார்த்தவர்.

"ஏம்மா, மாரியம்மன் திருவிழால நம்ம பயலுக ஆடுனத நீதான புடிச்ச? ஒரு காப்பி வேணும்."

"எதுக்கு சார்?"

"பாக்கத்தான்."

அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டுடியோ முதலாளியைப் பார்த்தார். கேமராவும் முதலாளியுடையது, கேசட்டும் அவருடையது. காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அப்போது திண்டுக்கல்லில் வீடியோ கேமரா தூக்கிய பெண் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். அகரம் பக்கம் பூந்தோட்டத்தில் கூலி வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். சடங்கு வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுக்க ஒரு பெண் வேண்டும் என்பதற்காக என்னை வேலைக்குச் சேர்த்தார்கள். விசேஷம் இல்லாத நாட்களில் கேமரா என்னிடம் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். சலுகையாக அல்ல, வேலைக்குச் சேர நான் போட்ட நிபந்தனையாக.

அந்த நாட்களில் என் முதல் படத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். தோல் ஷாப்பில் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்கிற நாலு பேர் பிரேக் டான்ஸ் ஆடுவார்கள். படம் அவர்களைப் பற்றியது. பம்பாயிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு கேசட் வைத்திருந்தார்கள். அதில் ஒருவன் பாடவே மாட்டான். தாளத்துக்கு மேல் படபடவென்று இங்கிலீஷில் பேசிக்கொண்டே போவான். என்ன சொல்கிறான் என்று என்னிடம் கேட்டார்கள். பாதிதான் புரிந்தது. தெருவில் இருக்கிற கஷ்டத்தைச் சொல்லிக் கோபப்படுகிறான் என்றேன். "அப்ப நம்ம ஆளுதான்" என்றார் அவர்களில் மூத்தவர். குழியில் வெறுங்கையோடு வேலை வாங்குகிறார்கள், கை வெந்து போகிறது என்று லேபர் ஆபீசருக்கு மனுப் போட்டிருந்தவரும் அவரே. ஆட்டத்தில் மட்டும் நாலு பேரும் வெள்ளைக் கையுறை போட்டிருப்பார்கள்.

மேனேஜர் வந்துபோன மறுநாள் அந்த மூத்தவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"வா தங்கச்சி. எம்புட்டுக்கு வித்த?"

"எத அண்ணே?"

"கேசட்டத்தான். கம்பெனி குடுத்த கிளவுஸத் திருடி ஆட்டத்துக்குப் போட்டுக்கிட்டேனாம். வேலைக்கு வராதன்னுட்டாக. திங்கக்கெழம லேபர் ஆபீசர்ட்ட விசாரண. உன் படத்தப் போட்டுக் காட்டப் போறாகளாம்."

இதற்குத்தானா என்று எனக்குப் பட்டென்று விளங்கியது. கம்பெனி கையுறை கொடுத்தது என்பதற்கும் அந்த வீடியோவே சாட்சி, அதை அவர் திருடினார் என்பதற்கும் அதுவே சாட்சி. மனு பொய்யாகிவிடும்.

"நான் விக்கல. மொதலாளி குடுத்துட்டாரு."

"படிச்ச புள்ளைக்குப் பதில் சொல்லவா தெரியாது?"

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். புள்ளி போட்ட சுங்குடிச் சேலைக்குப் பேர்போன சின்னாளப்பட்டியில் பிறந்தவர். "கிளவுஸாம்ல கிளவுஸு. என் பழைய சுங்குடிச் சேலையக் கிழிச்சு நான் தச்சது. சாயம் போறதுக்கு பிளீச்சிங் பவுடர்ல ஊறப் போட்டு, செத்த நேரம் நானே தும்மிக்கிட்டுக் கெடந்தேன்."

"அதுல ஒண்ணு குடுங்கக்கா. ஆபீசர்ட்டக் காட்டுவோம்."

"குடுக்காத" என்றார் மூத்தவர். "இதும் அங்கதான் போகும்."

நான் வற்புறுத்தவில்லை. கையுறையைக் காட்டினாலும், நேற்றுத் தைத்துக் கொண்டுவந்தது என்று மேனேஜர் சொல்லிவிடுவார். அந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது என்பது எடுத்தவளுக்குத்தான் தெரியும். மேனேஜர் ஆட்டத்தை மட்டும்தான் பார்த்திருப்பார். ஆட்டம் முடிந்த பிறகும் நான் கேமராவை நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை ஆபீசர் அறையில் டிவியும் டெக்கும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கேசட் ஓடியது. நாலு பேரும் கையை அலைபோல் நெளித்து ஆடினார்கள். "பாருங்க சார், நாலு பேரு கையிலயும் இருக்கு" என்ற மேனேஜர், டெக்கை நிறுத்தக் கை நீட்டினார்.

"முழுசா ஓடட்டும் சார்" என்றேன்.

"நீ யாரும்மா?" என்றார் ஆபீசர்.

"படம் எடுத்தவ."

ஓடியது. மூத்தவர் மேடைப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். முகத்தைத் துடைத்தார். கையுறை போட்ட கை திரை முழுவதும் வந்தது. அங்கேதான் நான் ஜூம் செய்திருந்தேன். சாயம் சரியாகப் போகாத துணியில் வெளிறிய ரோஸ் நிறம். அதன்மேல் வரிசை வரிசையாகச் சின்ன வெள்ளைப் புள்ளிகள்.

ஆபீசர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போனார். "என்னய்யா இது, எங்க வீட்டம்மா கட்டுற சேல மாதிரி இருக்கு?"

மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"சுண்ணாம்புக் குழிக்குச் சுங்குடிச் சேலையிலயா கிளவுஸு தச்சுக் குடுக்குறீங்க?"

மேனேஜர், இது வேறு கிளவுஸ் என்றார். அப்படியானால் கொடுத்தது எங்கே, வாங்கிய பில் எங்கே என்று ஆபீசர் கேட்டார். பில் இல்லை. மறுநாளே மூத்தவரை வேலைக்குச் சேர்க்கச் சொல்லி அங்கேயே எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினார்.

வெளியே வந்ததும் அவர் நன்றி சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆட்டம் முடிஞ்ச பெறகு என் கைய எதுக்கு எடுத்த? யாரு சொல்லி எடுத்த?"

"யாரும் சொல்லல. எனக்குத் தோணுச்சு."

"நம்புற மாதிரி இல்லையே" என்றார். கொஞ்ச தூரம் நடந்தோம். "ஞாயித்துக்கெழம வா. நாலு பேரு கையவும் வெறுங்கையா எடுத்துக்க. மூஞ்சி வரக்கூடாது. கேசட்டு உங்க கடைக்குப் போகக்கூடாது. எங்க வீட்லதான் இருக்கும்."

அவர் வீட்டில் டெக்கும் இல்லை, டிவியும் இல்லை. சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை என் சொந்தக் காசில் வாங்கிய புதுக் கேசட்டோடு போனேன். வெயிலில் நாலு பேரும் கைகளை விரித்துக் காட்டினார்கள். நான் கேமராவை அணைத்த உடனே, தோல் உரிந்த அந்தக் கைகளில் ஒன்று கேசட்டுக்காக என் முன்னால் நீண்டது.