சிஸ்டரின் பெயரில் விளித்த ஏலம்

போன வெள்ளிக்கிழமை லாரியில் வாழைக்குலை ஏற்றும்போது சர்ச் சபைச் செயலர் போன் செய்தார். "செல்வராணி சிஸ்டர் போயிட்டாவ, ஜஸ்டஸ்." வழக்கம்போல் கிண்டலாக ஏதோ சொன்னேன். "நாளைக்கு அடக்கம்" என்றார்.

மனநல ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர் சிஸ்டர். காதில் குரல் கேட்கத் தொடங்கிய பிள்ளைகளுக்காகச் சின்ன அறை ஒன்று நடத்தினார். வாரம் ஒருநாள் டாக்டர் வருவார். ஒரு நர்ஸ் வீடு வீடாகப் போவாள். "நோவு வந்த மொத வருசம் கதவு தொறந்து கெடக்கும். அப்பமே போனா புள்ள எறங்கி வருவான். பொறவு இடிச்சாலும் தொறக்காதுலே" என்பார்.

வெளிநாட்டு உதவி நின்றதும், காணிக்கைப் பொருட்களை விற்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பலாச்சக்கையை இதற்கென்று ஒதுக்கச் சொன்னார். விலையைக் கூவி ஏலம் விளிப்பவன் நான். கோழிக்கு அடித்துக்கொண்ட சபை, சக்கையைத் தூக்கியதும் ஊமையானது. அதை ஏலம் கேட்டால், மறுநாளே அந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்குக் கோளாறு என்று ஊர் பேசும்.

மறுவருஷம் சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "தாறவன் தலையச் சொறிவான். நீ எனக்க பேருல தொகைய ஏத்தி விளி. பணம் பொறவு ஆருக்கும் தெரியாம வரும்."

அன்று ஆளாளுக்குச் சொறிந்தார்கள். சிஸ்டர் தன்னையே எதிர்த்துத் தொகையை ஏற்றிக்கொண்டே போனார்.

"இவ்வளவு பேருக்கா பேன், சிஸ்டர்?"

"வாய மூடிட்டு விளிலே."

சிஸ்டர் வீட்டில்தான் யாருக்கோ பைத்தியம் என்று ஊர் பேசியது. அவர் மறுக்கவே இல்லை.

இப்போது அறை பூட்டிக் கிடக்கிறது. நர்ஸுக்குச் சம்பளம் தரப் பணமில்லை. பக்கத்து வீட்டுப் பையன் காலேஜுக்குப் போவதில்லை. அம்மா வைத்த சோற்றைத் தொடுவதில்லை. சன்னலுக்குப் பேப்பர் ஒட்டியிருக்கிறான். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம். மதிலருகே வந்து கேட்டாள், "சிஸ்டர் இல்லாம ஆருகிட்ட போவ, அண்ணே?"

செயலரும் கேட்டார், "இனி ஆரு பேருல விளிப்பீரு?"

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். "நம்ம பேரு மட்டும் வேண்டாம்" என்கிறாள் மனைவி. அவள் சொல்வதும் நியாயம்தான்.

அடுத்த வீட்டுக்கு வரவேண்டிய பேச்சைத் தன் தலையில் வாங்கிக்கொள்வார் சிஸ்டர். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதைத்தான். இந்த வருஷம் என் பெயரில் விளிப்பேன். சொறிய வேண்டியவர்கள் சொறியுங்கள்.

பண்டிகைக்கு இன்னும் நாள் கிடக்கிறது. இன்று காலை அந்தப் பையன் அடுத்த சன்னலுக்கும் பேப்பர் ஒட்டிவிட்டான்.