கலாராணியோடு ஒரு பகல் சாப்பாடு

ஹந்தானை மலையில், கண்டி நகரம் முழுவதும் கீழே தெரிகிற உயரத்தில், ஒரு பழைய துரை பங்களா இருக்கிறது. இப்போது அது ஹோட்டல். அதன் சாப்பாட்டு மண்டபத்தில் வைன் ஊற்றுகிறவன் யோகராஜ். வயது நாற்பத்திரண்டு. அதே மலையின் மறுபக்கத்தில், தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்.

அந்த ஹோட்டலுக்குப் பெயரே ஏழு வட்டச் சாப்பாட்டால்தான். எல்லாவற்றையும் ஒரே தட்டில் குவித்துக் கொண்டுவர மாட்டார்கள். இரண்டு வாய், மூன்று வாய் அளவில் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான வைன் ஒரு கிளாசில் கொஞ்சமாக வரும். திராட்சை எந்த ஊரில் விளைந்தது, எந்த மரப் பீப்பாயில் கிடந்தது, இந்த நண்டோடு அது ஏன் சேர்கிறது என்பதையெல்லாம் நாலு வசனத்தில் சொல்ல வேண்டும். யோகராஜ் சொல்லத் தொடங்கினால் வெள்ளைக்காரர்கள் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

அப்படிச் சொல்கிறவன் ஒரு மிடறு வைனைக்கூட விழுங்கியதில்லை. வாயில் வைத்து, நாக்கில் புரட்டி, துப்பிவிடுவான். அவனுடைய அப்பா பொன்னையா கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் குடித்தே நாற்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தவர். கல்யாணமான புதிதில் கலாராணி அவன் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். குடி என்று எது தொண்டையில் இறங்கினாலும் சத்தியம் போச்சு என்பது பேச்சு.

கலாராணி சைப்ரஸுக்குப் போய் ஆறு வருடமாகிவிட்டது. ஒரு மலைக்கிராமத்தில் தனியாக இருக்கும் வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்கிற வேலை. வீடு கட்டத்தான் போனாள். கட்டுகஸ்தோட்டையில் வீடு எழும்பி, கூரை போட்டு, ஜன்னலுக்குக் கண்ணாடியும் போட்டாயிற்று. மகள் தர்ஷிகா பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்று பன்விலவில் சித்தி வீட்டில் இருக்கிறாள். புது வீட்டில் யோகராஜ் மட்டும்தான்.

ஹோட்டலில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்கிற ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு தடவை, பகல் வேளையில், தன்னோடு ஒருவரைக் கூட்டிவந்து விருந்தாளி போல உட்கார்ந்து ஏழு வட்டமும் சாப்பிடலாம். யோகராஜ் ஆறு வருடமும் சாப்பிடாமலே விட்டான். நடுவில் ஒரு தடவை கலாராணி லீவில் வந்தாள். அது பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற வருடம். ஆள் வராமல் ஹோட்டல் மூடிக்கிடந்தது.

"மகளயாச்சும் கூட்டிட்டு வாங்களேன் அண்ணே, வருசா வருசம் வீணாப்போகுது," என்பான் ஃபாஸில். தட்டுக் கொண்டுவருகிற வேலை அவனுடையது. வைன் கிளாசை அவன் தொடுவதில்லை.

"கலா வரட்டும்," என்பான் யோகராஜ். அதற்குமேல் சொல்ல மாட்டான்.

சொல்லாததுதான் நிறைய இருந்தது. யாராவது புருஷனும் பெண்சாதியுமாக ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தால் அவனுக்கு மனசு ஒரு பக்கம் ஓடும். அந்தக் கதிரையில் கலாராணி, எதிரில் தான். முதல் கிளாசை அவள் முகர்ந்து பார்த்து முகம் சுளிப்பாள். அப்போது அவன் விளக்குவான். இங்கிலீஷில் ஆயிரம் தடவை சொன்னதைத் தமிழில் சொல்வான். 'மழை பெய்ஞ்சு விட்ட கல்லு வாசம் வருதா பாரு' என்று. குளிக்கும்போதும், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போதும் இந்த வசனங்களை மனசுக்குள் திருத்திக்கொண்டே இருந்தான்.

இந்த வருடம் அவள் நாற்பது நாள் லீவில் வந்தாள். வந்த வேகத்தில் காய்ச்சல், பிறகு பன்விலவில் சொந்தக்காரர் கல்யாணம், பிறகு மகளுக்குப் பரீட்சை. ஒருவழியாக முப்பத்தாறாம் நாள் ஹோட்டலில் மேசை கிடைத்தது. பார்த்தால் அன்றைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை. போயா தினத்தில் ஒரு சொட்டு ஊற்ற முடியாது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மெனேஜர் மறுநாளைக்கு மாற்றிக்கொடுத்தார். அதற்கு அடுத்த இரண்டாம் நாள் அவளுக்கு விமானம்.

புதன்கிழமை மழை விட்டிருந்தது. கலாராணி கடல்நீலச் சேலை கட்டி, முன்வாசல் படிகளில் ஏறத் தயங்கி நின்றாள்.

"பின்பக்கமா போவோமாங்க? ஒரு மாதிரியா இருக்கு."

"இன்னிக்கு நாம விருந்தாளி. வா."

ஃபாஸில் கதிரையை இழுத்துக் கொடுத்து, "வாங்கக்கா, உக்காருங்க. இந்த அண்ணன் உங்கள எதிர்பார்த்தே கிழவனாகிட்டார்," என்றான்.

வைன் ஊற்ற நிலூஷா வந்தாள். யோகராஜுக்குக் கீழே வேலை பழகுகிற சிங்களப் பெண். போத்தலை அவள் பிடித்த விதத்தில் ஏதோ கோணல் தெரிய, யோகராஜ் பாதி எழுந்துவிட்டான். கலாராணி அவன் கைமேல் கையை வைத்தாள்.

"உக்காருங்க. அந்தப் புள்ள ஊத்தட்டும்."

முதலில் பொரித்த பாற்சோறு ஒரு துண்டு, மேலே மிளகாய் இடித்த கட்டைச் சம்பல். கூடவே நுரைக்கிற வைன். கலாராணி கிளாசைத் தண்டில் பிடித்துத் தூக்கினாள். தண்டில் பிடிக்க வேண்டுமென்று அவன் இன்னும் சொல்லவில்லை. முகம் சுளிக்காமல் ஒரு மிடறு குடித்து, சம்பலைக் கடித்து, மறுபடி குடித்தாள். "ஒறைப்ப அடக்குது," என்றாள்.

அவன் வாயில் எடுத்ததைத் துப்புவதற்குப் பாத்திரம் தேடிக்கொண்டிருந்தான்.

"என்னங்க செய்றீங்க?"

வாயில் வைனோடு அவன் சைகை காட்டினான். அவளுக்குப் புரிந்தது. "சத்தியம் வாங்குனது நான்தானே. இன்னிக்கு நானே சொல்றேன், முழுங்குங்க."

விழுங்கினான். தொண்டையில் இறங்கி நெஞ்சுக்குள் ஒரு கோடு போட்டது. பதினோரு வருடமாக ஊற்றுகிற வைனுக்கு இப்படி ஒரு பின்ருசி இருக்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

நண்டு வந்தது. அதற்கு வெள்ளை வைன். மழைக்கல் வசனத்தைச் சொல்ல அவன் தொண்டையைச் செருமியபோது, அவள் முகர்ந்துவிட்டு, "இது பீப்பாய்ல கெடக்காதது. கிரியா வீட்டுல மீனுக்கு இந்த மாதிரிதான் எடுப்போம்," என்றாள். கிரியா என்றால் அந்த ஊர்ப் பேச்சில் எஜமானியம்மா. அவள் வேலை செய்கிற வீட்டு வயதான அம்மாளை அப்படித்தான் கூப்பிடுவாள்.

யோகராஜ் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தான். "நீ குடிப்பியா?"

அவள் தட்டைப் பார்த்தாள். "ஒரு கிளாஸ். பகலைக்கு மட்டும். சொன்னா நீங்க என்ன நெனப்பீங்களோன்னு சொல்லல. வெளிநாடு போயி குடிக்கப் பழகிட்டான்னு ஒரு பேச்சு போதுமே நம்ம ஊருல."

அவனுக்குக் கோபம் வரவில்லை. ஆறு வருடமாகத் திருத்தித் திருத்தி வைத்திருந்த வசனங்களை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

மூன்றாவது வந்தது, நான்காவது வந்தது. பிஞ்சுப் பலாக்காய்க்கு இளஞ்சிவப்பு வைன், வாத்துக்குச் சிவப்பு. அவன் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். அந்த வீட்டில் மத்தியானம் மேசைக்குத் துணி விரித்துத்தான் சாப்பிடுவார்களாம். இரண்டு தட்டு, இரண்டு கிளாஸ். வேலைக்காரி என்று அடுப்படியில் விடுவதில்லை.

"கிரியாவுக்கு எதிர்ல வச்சுருக்க கதிரையில முன்னாடி அதோட புருஷன் உக்காருவாராம். அவரு போனப்புறம் அது என்னைய அதுல உக்காரச் சொல்லிருச்சு. தனியா சாப்புட்டா எறங்கலியாம்." கலாராணி கிளாசை மேசையில் மெல்லச் சுற்றினாள். "அது என்னையப் பாக்கும், அதுக்கு அவரு ஞாபகம். நான் அதப் பாப்பேன், எனக்கு உங்க ஞாபகம். ரெண்டு பேரும் பேசாம சாப்புடுவோம்."

யோகராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கீழே மலைச்சரிவில் பனி விலகி, நகரத்துக் கூரைகள் வெயிலில் மினுங்கின. அங்கே அவள் அப்படிச் சாப்பிட்ட நேரங்களில் அவன் இங்கே யாருக்கோ ஊற்றிக்கொண்டு நின்றிருப்பான்.

ஆட்டிறைச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டான். "வீடுதான் முடிஞ்சிருச்சே கலா. நீ போகாம இருந்துறேன்."

வீட்டுச் சாமான், மகள் படிப்பு என்று எதையாவது சொல்வாள், அதற்குப் பதில் சொல்லலாம் என்று தயாராக இருந்தான். அவள் அதையெல்லாம் சொல்லவில்லை.

"அதுக்கு எம்பத்தெட்டு வயசுங்க. நான் ஏர்போட்டுக்குப் போறப்ப வாசல்ல நின்னுக்கிட்டு, வருவியா வருவியான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அதோட சொந்தப் புள்ளைங்க லண்டன்ல. நான் வரலேன்னா அந்த மேசையில யாரு இருப்பா?"

"இந்த மேசையில?"

கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாமோ என்று பட்டது. கலாராணியின் கண் நிறைந்துவிட்டது. நிலூஷா ஊற்ற வந்தவள் பார்த்துவிட்டு, போத்தலோடு அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

"ரெண்டு வருசம். அது இருந்தாலும் சரி, போனாலும் சரி, ரெண்டே வருசம். இது என் சத்தியம்," என்று கலாராணி மேசைக்கு மேலாகக் கையை நீட்டி அவன் தலையில் வைத்தாள். பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரத் தம்பதி திரும்பிப் பார்த்தது. அவள் கையை எடுக்கவில்லை.

கடைசியில் எருமைத்தயிரும், கித்துள் பாணி என்கிற பனைப்பாகும். அதற்கு ஒரு இனிப்பு வைன், தேன் நிறத்தில். ஒரு மிடறு குடித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "இது அங்கத்தது!"

போத்தலில் பார்த்தால் சைப்ரஸ்தான். இத்தனை காலமும் அவன் ஊற்றியது, ஊர்ப்பெயர் சொல்லி விளக்கியது. அவள் பேச்சில் வந்த கிராமத்துப் பக்கம்தான் அது என்று நினைத்துப் பார்த்ததேயில்லை.

"சொல்லு," என்றான். "இத நீ சொல்லு."

அவள் சொன்னாள். புரட்டாசியில் பழத்தைக் கொத்துக் கொத்தாக வெட்டி முற்றத்தில் பரப்புவார்களாம். பத்துப் பன்னிரண்டு நாள் வெயில். பழம் சுருங்கி ஊறுகாய்த் துண்டு மாதிரி ஆகுமாம். குளவி மொய்க்குமாம். கிரியா கதிரையில் உட்கார்ந்து குச்சியால் குளவி ஓட்டுமாம். புரட்டிவிடுகிற வேலை இவளுக்கு. "சாயந்திரம் கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும். கழுவுனாலும் போகாது. அதோடயே உங்களுக்கு ஃபோன் பண்ணுவேன்."

அவன் அந்தக் கிளாசைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தான்.

வெள்ளிக்கிழமை அவளைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விட்டுவந்தான். மகள் வேனில் அவன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். அவளைப் பன்விலவில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, கொடியில் கடல்நீலச் சேலை காய்ந்து கிடந்தது. அங்கே உடுக்க வாய்ப்பில்லை என்று விட்டுப்போயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு. பின்னேரம் நாலு மணிக்கு அவளுக்கு ஃபோன் எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அங்கே ஒன்றரை மணி. முன்பெல்லாம் அவள் எடுக்காவிட்டால் ஏதோ வேலையாக இருப்பாள் என்று விட்டுவிடுவான்; அந்த வேலைக்கு உருவம் கிடையாது. இப்போது மேசைத்துணி தெரிந்தது, இரண்டு தட்டு தெரிந்தது, பேசாமல் சாப்பிடுகிற இரண்டு பேர் தெரிந்தார்கள். தெரியாமல் இருந்தபோது இவ்வளவு வலித்ததில்லை. தெரியாமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவளே திருப்பி ஃபோன் எடுத்தாள்.

"இப்பத்தாங்க மேசையில இருந்து எந்திரிச்சோம். நீங்க சாப்புட்டீங்களா?"

"இல்ல," என்றான் யோகராஜ். "இனித்தான்."

"மணி நாலரையாகுதே அங்க! எந்திரிச்சுப் போயி சோத்தப் போடுங்க. ஃபோன வைக்காதீங்க, போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க. நான் இருக்கேன்."