கல் சாலையில் யார் முந்துவார்

காலையில் எதிர்ப்படுகிறவரைப் பார்த்து "சாப்பிட்டாச்சா" என்று கேட்கும் பழக்கம் ரங்கூனிலும் உண்டு. அதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் லான்மடாவில் நான் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழே மொஹிங்கா விற்கிற அம்மாள் டாவ் மியா இன்னொன்றும் கேட்பார்: "ஸயா, ராத்திரி என்ன கனவு?" மொஹிங்கா என்பது மீன் குழம்பு ஊற்றிய அரிசிச் சேமியா. ஸயா என்பது வாத்தியாருக்கும், என்னைப்போல் நாலெழுத்துத் தெரிந்த மேஸ்திரிக்கும் பர்மியர்கள் தருகிற மரியாதை. தரங்கம்பாடியில் இருந்த முப்பது வருஷத்தில் என் கனவை ஒருவரும் விசாரித்ததில்லை. இங்கே அதற்கு உபயோகம் இருக்கிறது. படகுப் பந்தயமோ குத்துச்சண்டையோ வந்தால், யார் ஜெயிப்பார்கள் என்பதை டாவ் மியா அடுத்தவர் கனவிலிருந்து எடுத்துவிடுவார். ஒருநாள் நான், என் மனைவி எஸ்தர் ஈர மணலில் குடத்தோடு நடந்து போவதாகக் கனவு கண்டேன் என்றேன். அவர் கரண்டியைக் குழம்பிலேயே விட்டுவிட்டு யோசித்தார். பிறகு கடைக்கு வருகிறவர்களிடம் பழகிய தம் தமிழில், "தண்ணி வந்தா நல்லது. தம்பி ஜெயிக்கும்" என்றார். சைக்கிள் பந்தயம் ஒன்று வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

தம்பி என்றது அவருடைய உடன்பிறந்த தம்பி கோ துன்னை. ஆற்றுக்கு அப்பால் இருக்கிற கியாக்தான் என்ற ஊர்க்காரர்கள் அவர்கள். லான்மடாவில் சைக்கிள் விற்கிற கடைகளெல்லாம் சேர்ந்து பந்தயம் வைத்திருந்தன. ஓட்டுகிறவர்கள் இந்தக் கடைகளில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். ஓட்டுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. ஊரில் இருக்கிற உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நான் கப்பல் ஏறிய வருஷம் எங்கள் ஊரில் இரண்டே சைக்கிள்கள் இருந்தன. ஒன்று பாதிரியாருடையது, மற்றொன்று தபால்காரருடையது. அவர்களில் யார் முந்துவார் என்று யாரும் கேட்டதில்லை. இங்கேயோ ஓட்டுகிறவர்கள் விடிகாலையில் நகரத்துக்கு வெளியே மிங்கலாடோனில் புறப்பட்டு, வடக்கே வயல்காட்டுக் கிராமங்களைப் பெரிய சுற்றாகச் சுற்றி, மதியத்துக்கு முன் நகரத்துக்குள் நுழைந்து, லான்மடாவில் ஜெட்டிக்குப் போகிற கருங்கல் சாலையில் முடிக்க வேண்டும். மண் ரோட்டில் யார் முன்னால் வந்தாலும் சரி, கல்லில்தான் தீர்மானமாகும் என்றார்கள். அந்தக் கல் சாலையைப் பார்த்துக்கொள்கிற கூட்டத்துக்கு மேஸ்திரி நான்.

நம்மவர்களுக்கும் ஒரு ஆள் இருந்தான். மாணிக்கம், மாயவரம் பக்கம். எங்கள் தஞ்சாவூர் ஜில்லாக்காரன். நல்ல உயரம், பானை போன்ற தொடைகள். நான் சாப்பிடுகிற மெஸ்ஸில் மாணிக்கத்தைத் தவிர வேறு பெயர் கிடையாது. டாவ் மியா கடையில் கோ துன்னைத் தவிர வேறு பெயர் கிடையாது. காலையில் ஒரு பெயரையும் மாலையில் ஒரு பெயரையும் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு குறுகுறுப்பு வந்துவிட்டது. கனவையும் ஜில்லாவையும் தள்ளிவைத்துவிட்டு, கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாதா என்று தோன்றியது. இருவரும் மாலையில் கல் சாலைக்குத்தான் பழக வருவார்கள். நான் வேலை முடிந்ததும் சாலையோரத்து அரிசிக் கிடங்கு வாசலில் உட்கார்ந்து பார்ப்பேன்.

கல் சாலை என்றால் தரை மாதிரி சமமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு கல்லும் சிறு ரொட்டி அளவு. நடுவில் மேடாகவும் இரு ஓரமும் சரிவாகவும் பதித்திருக்கும், தண்ணீர் வடிவதற்காக. மாட்டுவண்டிச் சக்கரம் ஓடி ஓடி நடுக்கற்களின் தலை மழுங்கிவிட்டது. மாணிக்கம் அந்த நடு மேட்டில்தான் ஓட்டுவான். கைப்பிடியை இறுகப் பிடித்து, கல்லோடு சண்டை போடுகிறவன் மாதிரி வருவான். கோ துன் மெலிந்த ஆள். கைப்பிடியில் விரல்களைச் சும்மா வைத்திருப்பான். கல்லை விட்டு ஓரத்துச் சாக்கடையை ஒட்டி, மண் படிந்த ஒரு சாண் அகலத்தில் சத்தமே இல்லாமல் போய்விடுவான். நான் பத்து நாள் பார்த்தேன். காய்ந்திருந்தால் கோ துன் ஜெயிப்பான். மழை பெய்தால் ஓரத்தில் தண்ணீர் கட்டும், மாணிக்கம் ஜெயிப்பான். இதுதான் என் கணிப்பு. டாவ் மியாவிடம் சொன்னேன். தண்ணி வந்தால் தம்பி என்று அவர் சொன்னதற்கு இது நேர் எதிராக இருந்தது. "ஸயா கண்ணால பாக்குது. நான் கனவால பாக்குது" என்று சொல்லி, அன்று எனக்கு வெங்காய வடை ஒன்று அதிகம் போட்டார்.

பந்தயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அரிசிக் கிடங்குக்கு எதிரே, சாலை வளைகிற இடத்தில், தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தை மூடிக் கல் பதித்தோம். ஓரத்தை ஒட்டி நாலு முழ நீளம். அடியில் போட்ட மணல் அமர்வதற்கு ஒரு வாரமாவது வேண்டும். அதற்குள் அதன்மேல் பாரம் ஏறினால் கல் உள்ளே இறங்கிவிடும். வண்டிக்காரன் என்றால் சக்கரம் சிக்கும், இறங்கித் தள்ளுவான். அவ்வளவு வேகத்தில் வருகிற சைக்கிள்காரன் தலைகீழாகக் கருங்கல்லில் விழுவான். கோ துன்னின் வழி நேராக அதன்மேல்தான் போகிறது.

அன்று மெஸ்ஸில் இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஜெட்டியில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கிற ராயப்பன், எனக்கு இந்த மேஸ்திரி வேலை கிடைக்கக் காரணமானவர், மெல்லச் சொன்னார்: "ஞானமுத்து, நீங்க யாரையும் தள்ளிவிடப் போறதில்ல. சும்மா இருந்தாப் போதும்."

"விழுந்தா மண்டை உடையும்" என்றேன்.

"உடையும்னு உங்களுக்கு நிச்சயமா? இந்த ஊர்ல நம்மாளு ஒருத்தன் ஜெயிச்சு எத்தன நாளாச்சு. கொஞ்சம் யோசிங்க."

யோசித்தேன். மறுநாள் முழுவதும் யோசித்தேன். அந்த ஒரு நாள் நான் வாயைத் திறக்கவில்லை என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. கணிப்பதில் எனக்கு இருந்த ஆசையும் அதில் சேர்ந்திருந்தது. தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்கிற ஒரு கெட்ட ஆசை. அதற்கடுத்த நாள் காலையில் மனம் பொறுக்காமல் கீழே இறங்கிப் போனால் மொஹிங்கா கடை மூடியிருந்தது. ஆற்றுக்கு நடுவே தீவில் இருக்கிற பகோடாவில் தம்பிக்காக வேண்டிக்கொள்ள டாவ் மியா கியாக்தானுக்குப் படகேறிவிட்டார் என்று பக்கத்து வெற்றிலைக் கடையில் சொன்னார்கள். மெஸ்ஸுக்குத் தெரியாமல் எனக்கும் கோ துன்னுக்கும் நடுவே பேசக்கூடிய ஒரே ஆள் அவர். கோ துன்னுக்குத் தமிழும் தெரியாது, இந்துஸ்தானியும் தெரியாது. நான் ஒரு வருஷமாகத் தமிழ் ஆட்களோடேயே வேலை செய்து தமிழ் மெஸ்ஸில் சாப்பிட்டவன். எனக்குத் தெரிந்த பர்மிய வார்த்தைகள் ஒரு கைக்குட்டையில் முடிகிற அளவுதான்.

ஆனாலும் அவனுடைய கடைக்குப் போனேன். அவன் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து சிரித்தான். கல்லுக்குப் பர்மிய வார்த்தை கியாக். தினமும் வேலையில் புழங்குகிற வார்த்தை என்பதால் தைரியமாகச் சொன்னேன்: "கோ துன், கோடவுன், கியாக்." பிறகு அவன் சைக்கிளைக் காட்டி, கையைச் சக்கரம் மாதிரி உருட்டி, பொத்தென்று கவிழ்த்துக் காண்பித்தேன். அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "மா கியாக் பூ" என்றான். மாவும் பூவும் முன்னும் பின்னும் வந்தால் 'இல்லை' என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். அங்கே கல் இல்லை என்கிறான் போலிருக்கிறது என்று நினைத்தேன். இல்லையப்பா, இருக்கிறது என்று அவன் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "கியாக், கியாக்" என்று அழுத்திச் சொன்னேன். அவன் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு முறை "மா கியாக் பூ" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். ஏதோ சரியாகப் போகவில்லை என்று மட்டும் தெரிந்தது. திரும்பி வந்து, அந்த இடத்தில் ஒரு மூங்கிலை நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டு, அது போதும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பந்தயத்தன்று விடிவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்தின் முதல் பெருமழை. ஒன்பது மணி இருக்கும், டாவ் மியா படகிலிருந்து இறங்கி நனைந்தபடியே என் வீட்டுப் படியேறி வந்தார். முகம் சரியாக இல்லை.

"ஸயா, தம்பிகிட்ட ஏன் பயம் பயம் சொல்றது? விழும், பயம், விழும், பயம். கியாக்தான் படகுல எல்லாரும் பேசுது. மாணிக்கம் ஆள் வந்து பயம் காட்டுது சொல்லுது."

"பயமா? நான் பயம்னு சொல்லலையே. கல்லுன்னு சொன்னேன். கியாக்."

அவர் ஈரக் கையை வாய்மேல் வைத்தார். "கல்லும் கியாக். பயமும் கியாக்" என்றார். "எழுதினா வேற. காதுல ஒண்ணுதான்."

உனக்குப் பயமா என்று நான் கேட்டதாக அவன் நினைத்திருக்கிறான். பயமில்லை என்று இரண்டு தடவை பதில் சொல்லியிருக்கிறான். பள்ளத்தைப் பற்றி அவசரமாகச் சொன்னேன். அவர் மூலையில் இருந்த என் குடையை எடுத்தார். இருவரும் கிடங்குக்கு ஓடினோம். ஓட்டுகிறவர்கள் மிங்கலாடோனை விட்டுக் கிளம்பி வெகு நேரமாகியிருந்தது. வளைவில் ஓரமெல்லாம் கணுக்கால் அளவு கலங்கல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பந்தயத்துக்கு வழி ஒழுங்கு செய்தவர்கள் இடைஞ்சல் என்று மூங்கிலைப் பிடுங்கிச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். அதை மறுபடி நடப் போவதற்குள் மேல்முனையிலிருந்து கூச்சல் கேட்டது.

முதலில் வந்தவர்கள் இருவர்தான். மாணிக்கம் நடு மேட்டில், கோ துன் ஓரத்துத் தண்ணீரில், இரண்டு முழம் முன்னால். என் கணிப்பு தப்பு, மழையிலும் அவனே முந்துகிறான் என்று அந்த நிலையிலும் எனக்குத் தோன்றியது. பிறகு நான் செய்ததை யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. தண்ணீருக்குள் இறங்கி, புதுக்கற்கள் இருந்த இடத்துக்கு முன்னால் கையை விரித்து நின்றுவிட்டேன். கோ துன் என்னைப் பார்த்துக் கத்தினான். கடைசி நொடியில் சைக்கிளை மேட்டுக்கு வெட்டித் திருப்பினான். சக்கரம் வழுக்கி, ஒரு காலைக் கல்லில் ஊன்றி, விழாமல் நிமிர்ந்தான். அதற்குள் மாணிக்கம் போய்விட்டான். ஜெட்டி வாசலில் இரண்டு சைக்கிள் நீளத்தில் மாணிக்கம் ஜெயித்தான்.

கூட்டத்தில் ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தண்ணீரிலிருந்து வெளியே இழுத்தார். 'காலா' என்ற வார்த்தை நாலாபுறமும் கேட்டது. இந்தியர்களுக்கு இங்கே அதுதான் பெயர். டாவ் மியா என்னை விட்டு நாலடி தள்ளிக் குடையோடு நின்றார். மெஸ்ஸிலோ என்னை வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ராயப்பன் கண் கலங்கி, "சும்மா இருக்கச் சொன்னேன், நீங்க அதுக்கு மேலேயே பண்ணிட்டீங்க" என்றார். நான் மறுத்துச் சொன்னதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இலையில் இரண்டாம் முறை பாயசம் விட வந்தபோது இலையை மடித்துவிட்டு எழுந்தேன். கை கழுவுகிற இடத்துக்கு மாணிக்கம் பின்னாலேயே வந்தான்.

"அண்ணே, எனக்காகவா நின்னீங்க?"

"இல்லப்பா. அங்க கல்லு அமரல. அவன் விழுந்திருப்பான்."

அவன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். "அப்ப சரி" என்றான். "எனக்காக நின்னிருந்தீங்கன்னா நான் ஜெயிச்சதுல அர்த்தமில்ல."

அவனுக்குச் சரியாகிவிட்டது, எனக்குத்தான் ஆகவில்லை. நான் நிற்காமல் இருந்திருந்தால் கோ துன் விழுந்திருப்பான், மாணிக்கம்தான் ஜெயித்திருப்பான். நின்றதாலும் மாணிக்கம்தான் ஜெயித்தான். ஆனால் டாவ் மியா ஊருக்குப் போவதற்கு முந்தைய நாளே நான் வாயைத் திறந்திருந்தால்? கோ துன் வளைவுக்கு முன்பே மேட்டுக்கு ஏறியிருப்பான், ஒரு நொடி இழக்காமல் முதலில் வந்திருப்பான். பந்தயம் அன்றைக்கே, நான் வாயைத் திறக்காமல் சும்மா இருந்த அன்றைக்கே முடிந்துவிட்டது. மழை வந்தால் மாணிக்கம் என்று நான் சொன்னது பலித்தது. பலிக்க வைத்தவனும் நானே.

மூன்றாம் நாள் வெயில் அடித்து ஓரமெல்லாம் காய்ந்தது. நான் ஆட்களோடு வளைவில் வேலையில் இருந்தபோது கோ துன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். கூடவே டாவ் மியா. அவன் நேராக வளைவின் ஓரத்துக்குப் போனான். புதுக்கற்கள் இருந்த இடத்தில் ஒரு காலை வைத்து மெல்ல அழுத்தினான். கல் ஒரு பக்கம் சரிந்து, குதிகால் முழுதும் மணலுக்குள் இறங்கியது. காலை எடுத்தான். சைக்கிளின் முன்சக்கரத்தை அதே இடத்தில் விட்டுப் பார்த்தான். சக்கரம் நாலு விரல் ஆழம் உள்ளே போயிற்று. பிறகு அக்காவிடம் நீளமாக ஏதோ சொன்னான். டாவ் மியா சொன்னார்: "தம்பி கேக்குது, ஸயா எப்ப தெரியும்?"

பொய் சொல்ல எளிதான இடம் அது. "பந்தயத்துக்கு நாலு நாள் முன்னாடி" என்றேன். "ஒரு நாள் சொல்லாம இருந்தேன்."

அவர் அதை அப்படியே மொழிபெயர்த்தாரா, குறைத்துச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. கோ துன் தலையை ஆட்டினான். பிறகு குனிந்து, சரிந்த கல்லைக் கையால் தூக்கி வெளியே வைத்து, என் ஆட்களில் ஒருவன் நீட்டிய திமிசுக்கட்டையை வாங்கி மணலை இடிக்க ஆரம்பித்தான். அவனுக்கு அது வரவில்லை. நான் அவன் கையைப் பிடித்து எப்படி என்று காட்டினேன். நாலு முழத்தையும் இருவருமாக இடித்துக் கல் பதித்து முடிக்க மத்தியானமாகிவிட்டது.

இதையெல்லாம் எஸ்தருக்கு எழுதினேன். அந்தக் கடிதம் கப்பலேறிப் போய், இன்றுதான் பதில் வந்தது. குழந்தைகளின் சௌக்கியம், கூரை மாற்றியது எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறாள். "மாயவரத்து மாணிக்கம் ஜெயித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். அடுத்த பக்கத்தில், நம்ம ஆள் இரண்டு சைக்கிள் நீளத்தில் தோற்றுவிட்டான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நானும் அக்காவும் இரண்டு முறை படித்துப் பார்த்தோம். நம்ம ஆள் யார்? கை தவறி எழுதிவிட்டீர்களா?"

அப்படி எழுதியது எனக்கு ஞாபகமே இல்லை. பதிலுக்குக் காகிதம் எடுத்து, அன்புள்ள எஸ்தர் என்று எழுதி, ஆம், கை தவறிவிட்டது என்று எழுதப் போனேன். ஜன்னலுக்குக் கீழே மெஸ்ஸுக்குப் போகிற நம்மவர்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று குரல் கொடுத்துவிட்டு, பேனாவை மசிக்கூட்டில் நனைத்தபடியே உட்கார்ந்திருக்கிறேன்.