ஜன்னலில் வைத்த இரண்டு புட்டிகள்

என் தங்கை பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிறவள். சுவரிலிருந்து பெயர்ந்த நகத்தளவு சில்லை யாராவது கொண்டுவந்து நீட்டினால், அதே நிறத்தில் ஒரு வாளி கலந்து கொடுப்பாள். மிஷின் இருக்கிறது. ஆனால் மிஷின் சொல்வதை அவள் அப்படியே நம்பமாட்டாள். கலந்ததை விரலால் தொட்டு வெள்ளை அட்டையில் தடவி, ஜன்னலோரம் கொண்டுபோய், பழைய சில்லோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பாள். "ட்யூப் லைட் பொய் சொல்லும்" என்பாள். கடையில் அவளுக்குக் 'கலர் டாக்டர்' என்று பெயர். வெள்ளையில் மட்டும் பதினாலு வகை அவளுக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்ற எனக்கு வெள்ளை என்றால் வெள்ளைதான்.

குழந்தை பிறந்த இருபதாம் நாள் அவளுக்கு மார்பில் கட்டி வந்து, கீறி எடுத்தார்கள். ஒரு பக்கம் பால் நின்றுபோனது. மறுபக்கம் போதவில்லை. "சுரக்கிறவரைக்கும் தாய்ப்பால் கொடு, பற்றாததற்குப் பால்மாவு கொடு, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்று டாக்டரம்மா சொன்னார். தங்கை டப்பாவின் முதுகில் இருந்ததை மூன்று முறை படித்தாள். கொதித்து ஆறிய தண்ணீர் நூற்றெண்பது மில்லிக்கு, தலைதட்டிய கரண்டியில் ஆறு. அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டினாள். முடிவெடுத்தாயிற்று. அதற்குப் பிறகு இதற்காக அவள் ஒரு நாளும் அழுததில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? முதல் வாய் அவள் மாமியாருடையது. முப்பது வருடம் டீக்கடை நடத்தியவர்.

"பசுமாடு கூட கன்னுக்குக் கடையில வாங்கிக் குடுக்கிறதில்லடி" என்பார். குழந்தை பார்க்க வருகிறவர்களிடம், "இது எங்க வீட்டு டப்பாப் புள்ள" என்று அறிமுகம் செய்துவைப்பார்.

தங்கையும் லேசுப்பட்டவள் இல்லை. "ஆமா அத்தை, டப்பாவுல எழுதியிருக்கிறதப் படிச்சுத்தான் வளர்க்கிறேன். நீங்க எதைப் படிச்சு வளர்த்தீங்களோ, உங்க புள்ளைக்கு இன்னும் சட்டைப் பட்டனே நேராப் போட வரல."

முதல் மூன்று மாதமும் குழந்தை மளமளவென்று எடை கூடியது. நாலாம் மாதம் அவள் வேலைக்குத் திரும்பினாள். பகல் புட்டிகள் மாமியார் கைக்குப் போயின. மூன்று வாரம் கழித்து மருத்துவமனைத் தராசில் வைத்தபோது முள் போன தடவையைவிட நூறு கிராம் கீழே நின்றது.

"வேலைக்கு ஓடுற அவசரத்துல புள்ளைக்குப் பால் குடுக்க மறந்துட்டியா?" என்று நர்ஸ் கேட்டார். பின்னால் வரிசையில் நின்ற பதினைந்து பேருக்கும் கேட்டது. நானும் கூடத்தான் நின்றேன். தங்கை குழந்தைக்குச் சட்டையை மாட்டினாள். டாக்டரம்மா சோதித்துவிட்டு, ஒரு வாரத்தில் மறுபடி கொண்டுவரச் சொன்னார்.

மாமியார் அந்த வாரத்துக்குக் காத்திருக்கவில்லை. அவருடைய மகளுக்கு, அதாவது தங்கையின் நாத்தனாருக்கு, ஐந்து மாதப் பெண்குழந்தை; பாலுக்குப் பஞ்சமில்லை. ஆறு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கிற ஊர். குழந்தையை அங்கே அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று.

"ஒரு வருஷம் இருக்கட்டும். அப்புறம் யாரை அம்மான்னு கூப்பிடுதுன்னு பார்ப்போம்" என்றார் சிரித்துக்கொண்டே.

தங்கையின் கணவர் செல்போனிலிருந்து தலையை எடுக்காமலே, "அம்மா சொல்றதும் சரின்னுதான் படுது" என்றார். நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். "புள்ள பிழைச்சாப் போதும்டி, வீம்பு பண்ணாத" என்றேன்.

அவள் போய் அலமாரிக் கதவின் முன்னால் நின்று அந்தத் தாளையே படித்துக்கொண்டிருந்தாள். "அளவு சரியாத்தானே இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு, தன் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு நாத்தனார் மட்டும் வந்தார். குழந்தையின் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் அடுக்கினேன். எதையும் நேர்த்தியாகச் செய்கிறவள் நான். அன்றும் நேர்த்தியாகத்தான் அடுக்கினேன். நாத்தனார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டார். மாமியார் வழிக்கு ஒரு புட்டி கலக்கி எடுத்துவந்து, ஜன்னல் கட்டையில் வைத்தார். வெயில் அதில் நேராக விழுந்தது.

வேலை நாளில் பகல் புட்டியைத் தங்கை பார்த்ததே இல்லை. வீட்டில் இருக்கும் நாளில் அவளே கலக்குவாள். இப்போது பார்த்தாள்.

"அத்தை, இதுல எத்தனை கரண்டி?"

"ஆயிரம் பேருக்கு ஆத்திக் குடுத்த கைடி இது. எனக்குக் கரண்டி கணக்கா?"

தங்கை உள்ளே போனாள். நாலு நிமிடத்தில் தான் கலக்கிய புட்டியோடு வந்தாள். பையிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை உருவிக் கம்பியில் தொங்கவிட்டு, அதன் முன்னால் இரண்டையும் ஒட்டி வைத்தாள். எனக்குக் கூடத் தெரிந்தது. ஒன்று பால். மற்றது அரிசி களைந்த தண்ணீர் மாதிரி, நீலம் பாய்ந்து.

"எத்தனை கரண்டி, அத்தை?"

"மூணு. பச்சப்புள்ளைக்குக் கெட்டியா குடுத்தா வயிறு மந்தமாயிடும். தண்ணி சேர்த்தாத்தான் செரிக்கும். நான் வளர்க்காத புள்ளையா?"

"கதவுல ஒட்டியிருக்கிறதப் படிச்சீங்களா?"

"படிச்சேன். டப்பா சீக்கிரம் தீரணும்னு கம்பெனிக்காரன் அப்படித்தான் எழுதுவான்."

தங்கை வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் பேசினார். "அம்மா, என் பெரியவனுக்கும் இப்படித்தான் கலந்தியா?"

நாத்தனாரின் மூத்த பையனுக்கு இப்போது ஏழு வயது. நாலு மாதத்தில் எலும்பும் தோலுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தவன். அப்போது அவர் வேலைக்குப் போக, குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் இதே அம்மாதான். 'எம் பொண்ணு உடம்புல சத்தில்ல' என்று ஊரெல்லாம் சொன்னவரும் அவர்தான்.

மாமியார் மகள் பக்கம் திரும்பினார். "அவன் இப்போ நல்லாத்தானே இருக்கான்?"

"பதினோரு நாள் ஊசி குத்தினாங்கம்மா. பதினோரு நாளும் பக்கத்துல உட்கார்ந்து என்னைத் திட்டினியே."

குழந்தையைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். அம்மா கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை.

தங்கை தன் புட்டியிலிருந்து ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்துவிட்டுக் குழந்தைக்குக் கொடுத்தாள். அது கண்ணைக்கூடச் சிமிட்டாமல் உறிஞ்சியது. மாமியார் கை நீட்டினார். "குடு, நான் பிடிச்சுக்கிறேன்."

"உங்க புட்டி அங்க இருக்கு அத்தை. மூணு வாரத்துக்குச் சோத்துக்குப் பதிலா அதையே குடிங்க. நல்லா செரிக்கும்."

கணவர் ஏதோ சொல்ல எழுந்தார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

அன்றே டாக்டரம்மாவிடம் காட்டினோம். இப்படித் தண்ணீராகவே இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால், ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வந்திருக்கும் என்றார். அடுத்த எடைக்கு முள் ஏறியது, அதற்கடுத்ததற்கும். வரிசை முன்னால் அவமானப்படுத்திய நர்ஸ் எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இப்போது பகலில் குழந்தை என்னிடம். வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு புட்டிக்கும் வேண்டிய மாவை அளந்து தனித்தனிச் சிறு டப்பாக்களில் போட்டு வைத்துவிட்டுப் போவாள். ஒவ்வொரு தடவையும் நான் கலக்கி, ஜன்னலில் வெள்ளைத் துண்டின் முன்னால் வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். கடையிலிருந்து அவள் 'சரி' என்று போட்ட பிறகுதான் கொடுக்கலாம். அதுவரை குழந்தை அழும், நான் நிற்பேன்.

என் தங்கை இனி யாரையும் நம்பமாட்டாள், என்னையும்தான். துணிகளை மடித்துப் பையில் அடுக்கியவள் நான்.